புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

பழைய காசு ஒன்று கையில் கிடைத்ததும் நம் மக்கள் முதலில் தேடுவது புளியைத்தான். கொஞ்சம் உப்பு, ஒரு பழைய பிரஷ், பத்து நிமிடத் தேய்ப்பு. காசு பளபள! வீடே கூடி நின்று ரசிக்கும். அழிந்து போனது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

செம்பரம்பாக்கத்தில் இருந்து ஒரகடம் வரை இந்த வியாதி ஒரு படி முற்றிய நிலை. வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் ஊர்கள் இவை. துரு ஏறிய உதிரிபாகம் அங்கே ரிஜெக்ட். அது சரிதான். ஆனால் அதே கண்ணோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 கால் அணாவைப் பார்த்து, எமரித் தாளை எடுத்தால் என்ன ஆகும்?

அந்தக் காசின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கே அல்ல. செம்பு காற்றோடு பல வருடம் பழகி உண்டாக்கிக் கொண்ட தோல் அது. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் கவசம். புளியில் உள்ள அமிலம் அந்தத் தோலைக் கரைத்து விடுகிறது. பச்சைச் செம்பு வெளியே தெரிகிறது, கொஞ்ச நாளில் திட்டுத் திட்டாகக் கறுக்கிறது, மறுபடியும் புளி! ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் மழுங்குகிறது. காமர்ஸ் பாடத்தில் வரும் தேய்மானமாவது வருடக் கணக்கில் நடக்கும். இது பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைத்து விடுவார்கள்.

விலை போனால் போகட்டும். 1980களில் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சின்னச் சதுரச் செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற தமிழ் பிராமி எழுத்துகளைப் படித்தார். சங்க காலப் பாண்டியர் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்குக் கிடைத்த சாட்சி அது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளில் 'மாக்கோதை' போன்ற சேரர் பெயர்கள் வந்தன. இந்த எழுத்துகளின் உயரம் எவ்வளவு? நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவு, அவ்வளவுதான். யாரோ ஒருவர் வீட்டில் எமரித் தாள் இருந்திருந்தால் பெருவழுதி காணாமல் போயிருப்பார்.

அப்படியானால் மண்ணோடு அப்படியே வைப்பதா? வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் (பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அதேதான்) ஊறப் போடலாம். தினம் தண்ணீரை மாற்ற வேண்டும். சில நாளில் மண் தானாக இளகும். இளகியதை மட்டும் மூங்கில் பல்குச்சியால் மெல்லத் தள்ள வேண்டும், சுரண்டக் கூடாது. துடைக்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து நன்றாக உலர வைக்க வேண்டும். இளகாத மண் அங்கேயே இருக்கட்டும், குடி முழுகிப் போகாது. பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு வைக்கக் கூடாது, அதுவே செம்பை அரிக்கும். வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது உப்பு செய்யும் வேலை. அந்தக் காசைத் தனியாக, ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

"என் காசு, என் இஷ்டம்" என்று சிலர் கிளம்புவார்கள். தாத்தா பெட்டியில் இருந்த கால் அணா என்றால் சரி, இஷ்டம்தான். வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தது என்றால் கதை வேறு. 1878ம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைக் கழுவவே கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணும் சாட்சி. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லேயே இதற்கென்று வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கி விட்டார்கள். செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்கு எழும்பூர் ஒன்றும் வெளியூர் இல்லை, பூந்தமல்லி வழியாகப் போய்விடலாம்.