சிறந்த பல்கலைக்கழகம் எது?

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் நமது கரையோரக் கிராமங்களில் ஒரு கேள்வி எழுகின்றது: பொறியியல் படிக்கச் சிறந்த பல்கலைக்கழகம் எது? 1990இல் வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்து, கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைவித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் இதைக் கேட்பது நியாயமே.

இதற்குப் பதில் சொல்வது கடினமன்று. நாட்டின் முதலாவது பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு இடம்மாறியது. கட்டுபெத்தையில் 1966இல் தொழினுட்பக் கல்லூரியாக ஆரம்பித்ததே இன்றைய மொரட்டுவைப் பல்கலைக்கழகம். நெடுங்காலமாக முன்னணியில் நிற்பவை இவ்விரண்டுமே. றுகுணை, தென்கிழக்கு, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகியவற்றின் பீடங்கள் பிந்தி வந்தவை. யாழ்ப்பாணத்தின் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது.

ஆனால், இந்த வரிசையைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை என்பதே நமது கருத்து. இவை அனைத்திலும் கல்வி இலவசம், கற்பிப்பது ஆங்கிலத்தில், நுழைவதற்கு வேண்டியவை இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். எனவே நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு: நமது ஊர்ப் பாடசாலையில் இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியர் இருக்கின்றாரா?

நமது கரையோரத்தில் கணிதப் பிரிவு நடக்கும் தமிழ்மொழிப் பாடசாலைகள் மிகச் சில. அதனால், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையும் ஊரில் உள்ள கலைப்பிரிவையே எடுக்கின்றது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. புத்தளமும் அப்பதினாறில் ஒன்று. ஆயினும் கணிதமே படிக்காத பிள்ளைக்கு இந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? நமது பங்கை மாவட்டத்தின் வசதியுள்ள பாடசாலைகளே பெற்றுக்கொள்ளும்.

நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் நம் கண்முன்னே நிற்கின்றது. முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. நமது பிள்ளைகள் அங்கே கூலிக்கு மட்டும்தானா போக வேண்டும்? உரம் கலந்து நைத்திரேற்று ஏறிய நமது கிணற்று நீருக்கு வழிகாண, இந்த மண்ணை அறிந்த பொறியியலாளர் வேண்டாமா?

ஆகவே, முஸ்லிம், கத்தோலிக்கர், இந்து என்று பிரிந்து நில்லாமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வலயக் கல்விப் பணிமனையிடம் கணித, விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் முடியாவிட்டால், சில ஊர்களுக்குப் பொதுவாக ஒரு பாடசாலையில் கணிதப் பிரிவை அமைத்து, பெண்பிள்ளைகளும் பாதுகாப்பாகப் போய்வர வாகன ஒழுங்கு செய்யலாம்.

விண்ணப்பிக்கும்போது ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எல்லாப் பொறியியல் பீடங்களையும் விருப்ப ஒழுங்கில் நிரப்புங்கள். இடம் கிடைக்காதோர் மனம் தளர வேண்டியதில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகத்தில் மூன்றாண்டுத் தேசிய டிப்ளோமாவும், அம்பாறை ஹாடி நிறுவகத்தில் பொறியியல் உயர் டிப்ளோமாவும் உண்டு.

காணியை விட்டு வந்தோம், கல்வியையும் விட்டுவிடலாகாது. நமது பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகின்றதோ, அதுவே நமக்குச் சிறந்த பல்கலைக்கழகம்.