சுனை நீரும் 500 மில்லியும்

இயேசுவின் பாட்டி பெயர் பைபிளில் எங்கும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டு, திருச்சபை தன் வேதாகமத்தில் சேர்க்காமல் விட்ட ஒரு நூலிலிருந்துதான் அன்னம்மாள் நமக்கு வருகிறார். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க்கோடு காத்துக் கிடக்கும் பாட்டிமார் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் அவருக்கு 1846 முதல் கோயில் உண்டு. 1888-இல் கட்டிய பழைய ஆலயம், மலாயா அவசரகாலத்தில் அந்த வட்டாரமே கம்யூனிஸ்டுகள் நடமாடும் ‘கறுப்புப் பகுதி’ ஆனபோது பூட்டிக் கிடந்தது. பிறகு 1957-இல் ஒன்று, 2002-இல் இப்போதுள்ள பெரியது. ஜூலை 26 திருவிழா. ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். மெழுகுவர்த்திப் பவனியில் நெற்றி நிறையத் திருநீறோடு நடப்பவர்களும் இருப்பார்கள். நீ ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நிறையப் பேர் கையில் காலிப் போத்தல் இருக்கும், சுனை நீர் பிடித்துப்போக.

என் அத்தையும் பிடிப்பார். இனிப்பு நீர் முற்றி கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். டாக்டர் அவருக்கு அனுமதித்த தண்ணீர் ஒரு நாளைக்கு 500 மில்லி. காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அத்தை சுனை நீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, இருமல் மருந்தோடு வந்த மூடியில் பத்து மில்லி அளந்து குடிப்பார். குடித்த கையோடு அந்தப் பத்தையும் காலண்டரில் கணக்கு எழுதிவிடுவார்.

“கொதிக்க வெச்சா புனிதம் போயிடாதாக்கா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டம்மா.

“கிருமிதான் போகும்” என்றார் அத்தை.

விசுவாசத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இவ்வளவு தெளிவானது குறைவு. வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒருவர் வேறு மாதிரி. “முழு விசுவாசம் இருந்தா மிசின் எதுக்கு சிஸ்டர்?” என்றார். அத்தை பதில் பேசவில்லை. ஒரு பெரிய மக் நிறையத் தேத்தண்ணி கலந்து கொடுத்து, அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியையே அவர் நோய்க்குக் குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சை நான் பக்தி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான். பேசத் தொடங்கிய பிறகே கடவுளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மருந்தும் ஜெபமும் பகையென்றால், பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா பக்கம் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையை பிரான்சிஸ்கன் கன்னியர் ஏன் தொடங்க வேண்டும்?

அற்புதம் என்று சொல்வதில் கத்தோலிக்கத் திருச்சபையே மகா கஞ்சம். லூர்து நகரில் 1858 காட்சிகளுக்குப் பிறகு கோடிக்கணக்கானோர் போய் வந்திருக்கிறார்கள். குணமானேன் என்பவர்களைச் சோதிக்க 1883 முதல் அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். அற்புதம் என்று ஏற்கப்பட்டவை 2018 வரை வெறும் 70. மற்றவர்கள் எதற்காகப் போகிறார்கள்?

குணமாகாமலே விசுவாசத்தில் நின்றவர்களும் உண்டு. நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் இருந்தார், பிள்ளைகளை மீட்டு வளர்த்த அயர்லாந்துக்காரர். 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தது. 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். சுற்றியிருந்தவர்கள் குணத்துக்காக ஜெபித்தார்கள்; குணமாகவில்லை. நன்றாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் தாள்கள் தன்னிடம் எடுபடவில்லை என்று கண்டவர், ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாகவே 1933-இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வலியை மறைத்து எழுதாததால்தான் அந்தப் புத்தகத்தை நம்ப முடிகிறது.

நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு: நோயாளிக்கு எண்ணெய் பூச ஃபாதரை வீட்டுக்குக் கூப்பிட்டால் ஆள் போய்விடுவார். நோயில்பூசுதல் சாகும் தறுவாய்க்கு மட்டுமல்ல, கடும் நோயில் இருக்கும் எவருக்கும் தரலாம், மறுபடியும் தரலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் சடங்கைத் திருத்தியே தெளிவாக்கினார். செய்தி எங்கள் மாமாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா வைக்கும் ஆபரேஷனுக்கு முதல் நாள் ஃபாதர் வந்து அத்தையின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசியபோது, மாமா வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. இருட்டிய பிறகு, பயம் போயிற்றா என்று அத்தையிடம் கேட்டேன். “போகல. ஆனா தூக்கம் வருது” என்றார். அவர் தூங்கிவிட்டார், மாமாதான் விடிய விடிய விழித்திருந்தார்.

அத்தையின் தெம்பில் பாதி, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர் கூடும் அன்பியத்துக்காரர்களால் வருவது. சீன அங்கிள் ஒருவர் டயாலிசிஸ் நாள்களில் விடியற்காலை வாசலில் வண்டியை நிறுத்துவார். அவருக்குத் தமிழில் தெரிந்தது “வாங்கம்மா”, “மெதுவா” இரண்டும்தான். ஜெபத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அத்தைக்கு மிசின் நாள் செவ்வாய், வியாழன், சனி. போன வருடம் ஜூலை 26 சனிக்கிழமையில் விழுந்து, பவனிக்குப் போக முடியவில்லை. இந்த வருடம் ஞாயிறு. அங்கிளிடம் வண்டி சொல்லியாயிற்று. என்னைச் சின்னப் போத்தலாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். ஃபிஸ்டுலா கையில் கனம் தூக்கக் கூடாதாம், இன்னொரு கையில் மெழுகுவர்த்தி இருக்குமாம்.