பன்னிரண்டு மாடியெல்லாம் ஒரு கட்டடமா என்று கேட்ட தம்பிக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் மறுபடி பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று நகர்ந்துவிட வேண்டாம். உங்களில் சிலருக்குத் திட்டும் இருக்கிறது.

போன வாரம் சிகாகோவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் படங்கள் போட்டிருந்தார். அந்த ஊரின் பழைய உயரக் கட்டடங்களை நடந்தே சுற்றிக் காட்டுகிறார்களாம். டிக்கெட் வாங்கி, வழிகாட்டி பின்னாலேயே இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்திருக்கிறார். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. கீழே ஒருவர், "நம்ம ஊர்ல இப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். "மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. இருக்கிறதே" என்று எழுதினேன். உடனே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "பன்னிரண்டு மாடியெல்லாம் ஒரு கட்டடமா சார்? எங்க அபார்ட்மென்டே பத்தொன்பது மாடி" என்றார் பெங்களூர் தம்பி. என் மச்சினன் மகன் ஒருபடி மேலே போய், "அதை இடிச்சுட்டு நாப்பது மாடி கட்டலாம் மாமா, இடம் வேஸ்ட்" என்கிறார்.

சிரித்தவர்களை அப்படியே விட எனக்கு மனசில்லை.

முதலில் பெங்களூர் தம்பிக்கு. உலகின் முதல் வானளாவி என்று பெரும்பாலான புத்தகங்கள் சொல்வது சிகாகோவின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை. 1885இல் கட்டி முடித்தது. எத்தனை மாடி தெரியுமா? பத்து. பிறகு இரண்டு மாடி ஏற்றினார்கள். உங்கள் கணக்குப்படி அதுவும் கட்டடமே இல்லை. அதன் பெருமை உயரத்தில் மட்டும் இல்லை தம்பி. அதற்கு முன்னால் சுவர்தான் கட்டடத்தைத் தாங்கியது. நம் ஊரில் பழைய கருங்கல் சுவர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், ஜன்னல் திண்டில் ஒரு ஆள் உட்காரலாம். மாடி ஏற ஏற அடிச்சுவர் தடித்துக்கொண்டே போக வேண்டும். அதே சிகாகோவில் மோனாட்னாக் என்ற 16 மாடிக் கட்டடத்தை 1891இல் செங்கல் சுவரிலேயே எழுப்பினார்கள். அடியில் சுவரின் தடிமன் ஆறடி! ஹோம் இன்சூரன்ஸில் அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை இரும்புச் சட்டத்திற்கு மாற்றினார்கள். இன்றைக்கு உங்கள் பத்தொன்பது மாடியும் தூணில்தான் நிற்கிறது. நீங்கள் சிரித்தது உங்கள் அபார்ட்மென்டின் பாட்டனாரைப் பார்த்து.

சரி, சிகாகோ தம்பி அந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பார்த்தாரா? பார்த்திருக்க முடியாது. 1931இல் இடித்துவிட்டார்கள். இன்னும் பெரிய மாடி கட்டத்தான். மாப்பிள்ளை சொன்ன அதே காரணம். 1972இல் அங்கே பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தையும் இடித்தார்கள். அதன் அலங்காரச் சிற்பங்களைக் காப்பாற்ற உள்ளே போன ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர் இடிபாட்டில் சிக்கி இறந்தார். அதன் வாசல் வளைவை மட்டும் கொண்டுபோய் ஒரு மியூசியத்தின் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வாசல் வளைவு மட்டும் என்றதும் நம் சேலத்துக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டும். ஏற்காடு போகிற சாலையில் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. தமிழில் முதல் முழு வண்ணப் படமான அலிபாபா அங்கிருந்து வந்தது. இன்று வளைவு மட்டும்தான். அதன் முன்னால் செல்ஃபி எடுத்துப் போடுகிறீர்கள், நானும் லைக் போடுகிறேன். உள்ளே இருந்தது போனபோது நாம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

இப்போது எல்.ஐ.சி. 1950களின் தொடக்கத்தில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்காக எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பித்த வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. அவர் நினைத்தது 18 மாடி. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. வரைந்து கொடுத்த பிரவுன், மௌலின் என்ற லண்டன்காரர்கள் பாதியில் விலக, நம் சென்னையின் எல். எம். சித்தாலே முடித்தார். 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 177 அடி. அப்போது இந்தியாவிலேயே உயரமான மாடிக் கட்டடம் அதுதான். சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்த ஊரில் கான்கிரீட் தூணில் எழுந்து நின்றது. 1975இல் தீப்பிடித்தது, அதையும் தாண்டி இன்றைக்கும் உள்ளே ஆபீஸ் நடக்கிறது. முதலாளி இறந்து, கம்பெனி கைமாறி, கட்டடக்கலைஞர் மாறி, ஆறு மாடி குறைந்து, அப்புறமும் எழுந்த கட்டடம். இதில் கதை இல்லை என்கிறீர்களா?

அங்கேயும் இன்சூரன்ஸ், இங்கேயும் இன்சூரன்ஸ் என்பதைக் கவனித்தீர்களா? காப்பீட்டுக்காரன் விற்பது கையில் பிடிக்க முடியாத சரக்கு. இருபது வருஷம் கழித்துப் பணம் தருவேன் என்ற வாக்கு. அந்த வாக்கை நம்ப வைக்கக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும். என் அப்பா தறி நெய்தவர். மெட்ராஸுக்கு ஒரே ஒரு தடவை போய் வந்தார். வந்ததும் பாலிசி எடுத்தார். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "அத்தாம்பெரிய கட்டடத்தை வெச்சிருக்கறவன் ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயிர மாட்டான்" என்றார். அந்தப் பாலிசி முதிர்ந்த பணத்தில்தான் நான் பி.எட். படித்தேன். அந்தப் பன்னிரண்டு மாடியில் எங்கள் அப்பாவின் பிரீமியமும் ஒரு கைப்பிடி இருக்கிறது. சினிமாவில் கிராமத்து ஆள் பட்டணம் வந்தான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனையும் எல்.ஐ.சி.யையும் காட்டினால் போதும், வசனமே வேண்டாம். அப்படி ஒரு தலைமுறைக்கே நகரம் என்றால் அந்தக் கட்டடம்தான்.

"நமக்குக் கோதண்டராமர் கோயில் இருக்கே சார், அது போதாதா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். நல்ல கேள்வி பாப்பா. அந்தத் தூண்களைப் பார்க்காமல் நான் ஒரு வாரம் கடத்துவதில்லை. ஆனால் கோயிலுக்கு ஊரே காவல். 1959இல் கட்டிய கான்கிரீட்டுக்கு யார் காவல்? மத்தியத் தொல்லியல் சட்டப்படி ஒரு கட்டடம் பழஞ்சின்னம் ஆக நூறு வயது வேண்டும். எல்.ஐ.சி.க்கு அது 2059இல். நியூயார்க்கில் முப்பது வருஷம் ஆனாலே பாதுகாப்புப் பட்டியலுக்குத் தகுதி. நூறு வயதானாலும் இங்கே நிச்சயம் இல்லை என்பது வேறு விஷயம். அதே சாலையில் 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். அதன் சொந்தக்காரரும் எல்.ஐ.சி.தான். இன்டாக் அமைப்பினர் உயர் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்தினார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் கதை தெரிந்திருந்தது, அதனால் ஓடினார்கள்.

சிகாகோவில் நடைப்பயணம் நடத்தும் பெரிய அமைப்பே 1966இல் ஒரு பழைய வீட்டை இடிக்க விடாமல் காக்கக் கூடியவர்களால் உண்டானது. வழிகாட்டிகள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சென்னையிலும் 2004 முதல் ஆகஸ்டில் மெட்ராஸ் நாள் என்று நடக்கிறார்கள். மறைந்த எஸ். முத்தையா போன்றவர்கள் ஆரம்பித்து வைத்தது. நம் பக்கத்திலிருந்து யார் போகிறோம்? நம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் டூர் என்றால் தண்ணீர் சறுக்குப் பூங்கா, அப்புறம் மால்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 1987இல் ஒன்பதாம் வகுப்பை மெட்ராஸ் கூட்டிப் போனோம். எல்.ஐ.சி. முன்னால் பஸ் ஐந்தே நிமிஷம் நின்றது. எண்ணச் சொன்னேன். ஒருவன் பன்னிரண்டு என்றான், ஒருவன் பதினாலு, ஒருத்தி பதினைந்து. ஊர்ப் பேச்சில் அது எப்போதும் பதினாலு மாடிதான். ஒரு பையன், "சார், அத்தன ஒசரத்துக்குத் தண்ணி எப்படி சார் ஏறும்?" என்று கேட்டான். எனக்கு அப்போது பதில் தெரியாது. "வாயை மூடிட்டு பஸ்ல ஏறுடா" என்றேன். முப்பத்தைந்து வருஷ வேலையில் நான் செய்த தப்புகளில் அதுவும் ஒன்று.

ஆகவே இந்த வருஷப் பழைய மாணவர் சந்திப்புக்கு ரிசார்ட் வேண்டாம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், காலையில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் போனால் ஸ்டேஷன் பெயரே எல்.ஐ.சி. அந்தக் கட்டடம், 1904இல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ், பாரத் இன்சூரன்ஸ் எல்லாம் நடக்கிற தூரம். விளக்கம் நான் சொல்கிறேன், இந்தத் தடவை படித்துவிட்டு. கட்டட வேலையில் இருப்பவர்கள் தூண், அஸ்திவாரம் பற்றிப் பேச வேண்டும். பத்து மணிக்குள் முடித்துக்கொண்டால் வெயில் தெரியாது, ஆனாலும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். இடிக்கச் சொன்ன மாப்பிள்ளைக்கு டிக்கெட் என் செலவு. தண்ணீர்க் கேள்வி கேட்ட பையன் யாரென்று எனக்கு முகம்கூட ஞாபகம் இல்லை. இதைப் படித்தால் சொல்லு கண்ணு, உனக்கு ஜன்னலோரம்.