ஒன்பது கிலோமீட்டர்

மத்தேயு 2ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏரோதுவைவிட வேதபாரகர்கள் மேல்தான் வருத்தம். ஏரோது கொடூரன், சிம்மாசனம் போய்விடுமோ என்று பயந்து, பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன். ஆனாலும், ராஜா பிறந்திருக்கிறார் என்ற செய்தியை அவன் பொருட்படுத்தினான்! கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளோ வேற்று நாட்டவர்கள். ஒரு நட்சத்திரத்தை நம்பி, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் சுமந்து அத்தனை தூரம் வந்தார்கள்.

மேசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதும், மீகா தீர்க்கதரிசியின் வார்த்தையைக் காட்டி, பெத்லகேமில் என்று சட்டென பதில் சொன்னவர்கள் பிரதான ஆசாரியர்களும் வேதபாரகர்களும்தான். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்கள்! எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 9 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அவர்களில் ஒருவர்கூடப் போனதாக மத்தேயு எழுதவில்லை.