ஜாடை புரியாதவள்

"அவளுக்கு ஜாடை புரியாது" என்று எங்கள் திருத்தங்கலில் ஒரு பெண்ணைச் சொன்னால் அது பாதி வசை. மாமியார் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே அன்றைய நிலவரம் மருமகளுக்குத் தெரிந்துவிட வேண்டும். புருஷன் செருப்பைக் கழற்றும் விதத்தில் அவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று தெரிந்துவிட வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையின் முகம் பார்த்துத்தான் முன்பணம் கேட்க வேண்டும். இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஆண்களுக்கு இது விருப்பப் பாடம்கூட இல்லை.

மனச்சிதைவு நோய் கைவைக்கும் இடங்களில் ஒன்று இதுதான். காதில் குரல்கள் கேட்பது எல்லோருக்கும் தெரிந்த அறிகுறி. மாத்திரை பெரும்பாலும் அதைத் தணிக்கிறது. எதிரே இருப்பவர் முகத்தில் கோபமா பயமா என்று பிரித்தறிவது, சொல்லாமல் சொன்னதைப் பிடித்துக்கொள்வது, நடந்ததற்கு யார் காரணம் என்று நிதானித்து முடிவு செய்வது ஆகியவற்றை மாத்திரை அதிகம் தொடுவதில்லை. அதனால்தான் சமூக அறிதிறன் பயிற்சி வந்தது. அமெரிக்காவில் டேவிட் பென்னும் சகாக்களும் உருவாக்கிய முறையில், சிறு குழுவாக உட்கார்ந்து முகப்படங்களையும் காட்சிகளையும் பார்த்து, இது தெரிந்தது, இது என் ஊகம் என்று பிரிக்கப் பழகுகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட 'சோக்ராடிஸ்' அளவுகோல் இந்திய வாழ்வுக்கேற்ற கதைகளால் இந்தத் திறனை அளக்கிறது. ஜாடை புரிகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒரு பகுதி.

இந்தப் பயிற்சிக்கு நான் எதிரி அல்ல. எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தமிழிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்பவள். என் சண்டை வேறு. பயிற்சி நாற்காலியில் ஏன் அவள் மட்டும் உட்கார வேண்டும்?

குழுவில் ஒருத்தி, "என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அது உண்மையா, ஊகமா?" என்று கேட்பது பயிற்றுநரின் வேலை. நல்ல கேள்விதான். ஆனால் அவள் குழாயடிக்கு வந்ததும் பேச்சு நிற்கிறது. "சில பேரு வாங்கி வந்த வரம் அப்படி" என்று யாரோ குடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளையைத் தாய் இழுத்துக்கொள்கிறாள். அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைச் சரியாகப் படித்தவளிடம் "இது உன் நோய்" என்றால், சரியான விடைக்குத் தப்புப் போடும் வாத்தியார்தான் நாம். (நானும் வாத்தியார்தான், விடைத்தாள் திருத்துகிறவள்.)

சட்டமோ ஜாடை பேசுவதில்லை, பெயர் சொல்லியே பேசுகிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, விவாகரத்துக்குக் காரணமாகும் மனக்கோளாறை விளக்கும்போது மனச்சிதைவைக் குறிப்பாகச் சேர்க்கிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் ஊர்த் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லை. அங்கே வழக்கே தேவைப்படுவதில்லை. பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனால் முடிந்தது. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் சகாக்களும், இந்த நோயோடு மணவாழ்வும் முறிந்த பெண்களை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். நோயின் அவமானத்தைவிட வாழாவெட்டி என்ற அவமானமே அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் அதிகம் வாட்டியது என்பது அவர்கள் கண்டது. இதைக் குணமாக்க எந்த மாத்திரை இருக்கிறது?

நோய் ஆணுக்கு வந்தால் கதை வேறு. அவன் முகத்தைப் படிப்பது, அவனுக்காக ஊரின் முகத்தையும் படிப்பது, மாத்திரையைச் சோற்றோடு வைப்பது எல்லாம் பெண்டாட்டியின் கடமை. விட்டுப் போனால் அவள் ஓடுகாலி.

ஆகவே முதல் வகுப்புக்குக் கணவனையும் மாமியாரையும் அண்ணன் தம்பிகளையும் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் ஜாடை இல்லாமல் பேசிப் பழகட்டும். "எனக்குக் கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை, கூலியைக் குறைத்துவிட்டார்கள்." "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன்." "தங்கச்சி கல்யாணத்துக்கு உன்னைக் கூட்டிப் போகவில்லை, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துவிட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு எத்தனை வகுப்புகள் பிடிக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.