எச்சில் தட்டும் மணிக்கூலியும்

வெளிநாட்டில் ஓராண்டு தங்கி ஊர் சுற்றும் இந்திய இளைஞர், அந்தச் செலவை ஈடுகட்ட ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவுவதை நாம் இன்னும் வேலையாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. சிலர் அதைச் சாகசமாகப் பேசுகிறோம். சிலர் சோகக் கதையாகப் பேசுகிறோம். பெரும்பாலோர் பேசாமலே விட்டுவிடுகிறோம். இந்தப் பேசாமைக்கு ஒரு சொல் வரலாறு உண்டு. அதற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. அவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் பின்னணி. ஆஸ்திரேலியா 1975-இல் 'வொர்க்கிங் ஹாலிடே' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளின் இளைஞர்கள் ஓராண்டு தங்கி, வேலை செய்து, அந்தப் பணத்தில் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். பின்னர்ப் பல நாடுகள் அதில் இணைந்தன. இந்தியர்களுக்கு அந்தக் கதவு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே திறந்தது. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தத்தின் பயனாக, 2024-இல் இந்தியர்களுக்கென ஆண்டுக்கு 1,000 இடங்கள் ஒதுக்கப்பட்டன. வயது 18 முதல் 30 வரை இருக்கவேண்டும். பள்ளிக்கு மேற்பட்ட படிப்பும், ஆங்கிலத் தேர்ச்சியும், கையில் சேமிப்பும் வேண்டும். இத்தனையும் இருந்தாலும் 25 டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் விழவேண்டும். பிரிட்டானியருக்கோ குலுக்கலும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. வயது வரம்பும் 35. ஒரே அடுக்களையில் ஒரே தொட்டியருகே நிற்கும் இருவரின் கடவுச்சீட்டுகளுக்கு இடையே இத்தனை தொலைவு இருக்கிறது.

இவ்வாறு செல்வோர் பெரும்பாலும் பண்ணைகளுக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் வேலைக்குப் போகின்றனர். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் இருக்க இயலாது என்பது விசாவின் நிபந்தனை. ஆகவே நிரந்தரப் பணிகள் கிட்டுவதில்லை. நாட்டின் வடபகுதியிலும் மிகத் தொலைவான பகுதிகளிலும் மூன்று மாதங்கள் விருந்தோம்பல் துறையில் பணிபுரிந்தால் இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் கிடைக்கிறது. சட்டமே இளம் பயணியை அடுக்களையை நோக்கி நகர்த்துகிறது எனலாம். இவர்களுக்கு முன்பே அங்குள்ள உணவகங்களில் இந்திய மாணவர்கள் இருக்கின்றனர். படிப்புக் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்னும் வரம்புக்குள் அவர்கள் உழைக்கின்றனர்.

எனக்குத் தெரிந்த சிலர் இவ்விரு வழிகளிலும் சென்றிருக்கிறார்கள். அவர்கள் வீட்டாரிடம் தம் வேலையை விவரிக்கும் முறையை ஒரு மொழியியல் மாணவராக நான் கவனித்து வருகிறேன். "ஹாஸ்பிடாலிட்டியில் இருக்கிறேன்" என்பார்கள். "பார்ட் டைம் போகிறேன்" என்பார்கள். 'கிச்சன் ஹேண்ட்' என்று ஆஸ்திரேலியர் வழங்கும் பணிப்பெயரைக்கூட ஆங்கிலத்திலேயே சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். "பாத்திரம் கழுவுகிறேன்" என்னும் தாய்மொழித் தொடர் மட்டும் வாயிலிருந்து வருவதில்லை. அயல்சொல் இங்கே பொருளை விளக்க வரவில்லை; மறைக்க வருகிறது. மொழியியலார் இதனை இடக்கரடக்கல் என்பர். மலம், மரணம், காமம் ஆகியவற்றுக்கு நாம் கையாளும் அதே உத்தி கூலி வேலைக்கும் ஏன் தேவைப்படுகிறது?

விடையின் ஒரு பகுதி 'எச்சில்' என்னும் சொல்லில் இருக்கிறது.

'எஞ்சு' என்னும் வினையின் அடியாகப் பிறந்தவை எச்சமும் எச்சிலும். எஞ்சியது எச்சம். தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே எச்சவியல் என்று பெயர். பெயரெச்சம், வினையெச்சம் என இன்றும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். திருக்குறளில் ஒருவர் தமக்குப் பின் விட்டுச்செல்லும் மக்களையும் புகழையும் அச்சொல் குறிப்பதாக உரையாசிரியர்கள் கொள்வர். அதே வேரில் கிளைத்த எச்சில் மட்டும் மிச்ச உணவையும், உமிழ்நீரையும், அவ்விரண்டால் நேரும் தீட்டையும் ஒருசேரக் குறிக்கிறது. தெலுங்கின் 'எங்கிலி', கன்னடத்தின் 'எஞ்சல்' ஆகியனவும் இவ்வேரினவே. வடக்கே சென்றால் வடமொழியில் 'உச்சிஷ்டம்'. அதுவும் எஞ்சியது என்னும் பொருளிலிருந்தே கிளைத்தது. அதன் வழிவந்தது மராத்தியின் 'உஷ்டா'. ஹிந்தியின் 'ஜூட்டா' வேறு வடிவம் கொண்டதாயினும் அதே பணியைச் செய்கிறது. எமனோ 1956-இல் இந்தியாவை ஒரே மொழிப் பரப்பாகக் காணவேண்டும் என்று வாதிட்டபோது, குடும்பம் வேறான மொழிகளும் அண்டை வாழ்வால் பண்புகளைப் பகிர்ந்துகொள்ளும் என்பதைக் காட்டினார். ஒலியும் தொடரமைப்பும் மட்டுமல்ல, தீட்டும் அவ்வாறு பகிரப்பட்ட ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் மிச்ச உணவுக்குச் சொல் உண்டு. உமிழ்நீருக்குச் சொல் உண்டு. ஆனால் இவ்விரண்டையும் தீட்டோடு ஒரே முடிச்சில் கட்டும் சொல் இல்லை.

இதனால் சொல்லே சிந்தனையை ஆள்கிறது என்று நான் கூறவில்லை. சாதியே காரணம், சொல் அதன் தடயம். ஓம்பிரகாஷ் வால்மீகி 1997-இல் வெளியிட்ட தம் ஹிந்தித் தன்வரலாற்றுக்கு 'ஜூட்டன்' என்றே பெயரிட்டார். விருந்து முடிந்த இலைகளில் எஞ்சியதே தம் மக்களுக்கு உழைப்பின் கூலியாகத் தரப்பட்ட வரலாற்றை அந்த ஒரே சொல்லுக்குள் அவர் வைத்தார். எனவே 'எச்சில் தட்டு' என்னும் தொடர் எல்லா இந்தியருக்கும் ஒரே பொருள் தருவதன்று. ஒருவருக்கு அது தாம் ஒருபோதும் தொட்டிராத பொருள். மற்றொருவருக்கு அது தம் தாயும் பாட்டியும் மணிக்கணக்கில் தேய்த்த பொருள். வெளிநாட்டு அடுக்களையில் முதல்வர் அடையும் அதிர்ச்சியும், இரண்டாமவர் அடையும் களைப்பும் ஒன்றல்ல. முதல் வகையினர் எழுதும் 'அங்கே போய்த் தட்டுக் கழுவினேன், மனிதனானேன்' என்னும் கதைகளே நம் காதுகளை எட்டுகின்றன. இரண்டாம் வகையினருக்கு அது ஞானம் தரும் அனுபவமாக இருப்பதில்லை. ஒரு தலைமுறை தப்பிவந்த வேலைக்கு மீண்டும் கை நனைப்பதாகவும் இருக்கலாம்.

தட்டுக் கழுவுவோரை இகழ்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியக் கொச்சை வழக்கில் அவருக்கு 'டிஷ் பிக்' என்று பெயர். அதாவது தட்டுப் பன்றி. ஜார்ஜ் ஆர்வெல் 1933-இல் வெளியிட்ட நூலில், பாரிஸ் விடுதியொன்றின் நிலவறை அடுக்களையில் தாம் பார்த்த இதே பணியின் அடிமைத்தனத்தை விரிவாக எழுதினார். அடுக்களை எங்கும் படிநிலை கொண்டது. எஸ்கோஃபியே வகுத்த அணிமுறை, படைப்பிரிவைப் போல ஒவ்வொருவரின் நிலையையும் வரையறுத்தது. தலைமைச் சமையற்காரர் உச்சியில்; தட்டுக் கழுவுபவர் அடியில். இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே இகழ்ச்சி வேலை நேரத்தோடு ஒட்டியது. மேலங்கியைக் கழற்றினால் பெருமளவு கழன்றுவிடும். நம்மிடம் அது உடலோடும் குலத்தோடும் ஒட்டியது. வெட்கப்படுவது எதற்காக என்று ஒரு ஜெர்மானிய இளைஞர் கேட்டால், அவருக்கு விளக்க நம்மிடம் சொல் இருந்தும் துணிவு இருப்பதில்லை.

இனி விலைக்கு வருவோம். 2025 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராக உயர்த்தப்பட்டது. நிரந்தரமற்ற பணியாளருக்கு அதற்கு மேல் 25 சதவீதம் சேரவேண்டும். ஊதியம் தந்த ஒரு வேலைநாளுக்குள் ஊதியச் சீட்டும் தரவேண்டும். வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் நாடு தழுவிய குற்றம். சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை வேறு. 2017-இல் லாரி பெர்க், பசீனா ஃபார்பென்பிளம் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் 107 நாடுகளைச் சேர்ந்த 4,322 தற்காலிகக் குடியேறிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 30 சதவீதத்தினர் மணிக்கு 12 டாலரோ அதற்கும் குறைவாகவோ பெற்றிருந்தனர். அது அன்றைய சட்டபூர்வ ஊதியத்தில் பாதியளவு. அடுத்த ஆண்டு வெளிவந்த தொடர் அறிக்கையின் தலைப்பிலேயே 'மௌனம்' இடம்பெற்றது. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்தவர்களுள் பணத்தைத் திரும்பப் பெற முயன்றோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

இந்த மௌனத்துக்கு விசா பறிபோகும் அச்சமும், சட்டம் தெரியாமையும் காரணங்கள். நம் மாணவர்களைப் பொறுத்தவரை மூன்றாவது காரணமும் உண்டு என்பது என் கருத்து. வீட்டுக்கே தெரியாத வேலையில் ஊதியம் குறைந்தது என்று யாரிடம் சொல்வது? இல்லாத வேலைக்குக் கூலிப் பாக்கியும் இருக்க இயலாது. பல வேளைகளில் ஏமாற்றுபவர் நம் மொழியே பேசும் முதலாளியாக இருப்பதும் இதற்கு உதவுகிறது. "தம்பி", "பேட்டா", "நம்ம பையன்" என்னும் உறவுச் சொற்கள் ஊதியச் சீட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கையில் ரொக்கம், இரவில் இலவசச் சோறு, வாயில் உறவு. கணக்கு மட்டும் இல்லை. அண்ணனிடம் மணிக்கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். அந்தத் தோற்றமே முதலாளியின் இலாபம்.

இந்த வேலையில் அறிவு இல்லை என்பதும் உண்மையன்று. ஆலஸ்டர் பென்னிகுக், எமி ஒட்சுஜி ஆகியோர் சிட்னி, டோக்கியோ நகரங்களின் உணவகங்களையும் சந்தைகளையும் ஆராய்ந்து 2015-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பன்மொழித் திறன் தனிமனிதரின் தலைக்குள் மட்டும் இருப்பதன்று; இடத்தோடும் பொருளோடும் செய்யும் வேலையோடும் பிணைந்தது என்பது அவர்களின் வாதம். மாலை ஏழு மணிக்கு ஓர் உணவகத்தின் பின்புறம் நின்றால் இது விளங்கும். பின்னால் ஒருவர் வருகிறார் என்பதை உணர்த்த ஒற்றைச் சொல். மூலையில் திரும்புவதற்கு ஒற்றைச் சொல். ஆணையைக் கேட்டுக்கொண்டேன் என்பதற்கு ஒற்றைச் சொல். பிரெஞ்சுப் பணிப்பெயர்கள், நேபாளியில் நகைச்சுவை, ஸ்பானியத்தில் வசவு, ஆங்கிலத்தில் எண்கள். தட்டைச் சுரண்டி, நீர்பீய்ச்சியால் அலசி, சட்டத்தில் அடுக்கி, கொதிக்கும் வெந்நீர் பாயும் இயந்திரத்துக்குள் தள்ளும் ஒவ்வொரு அசைவும் இந்த மொழியோடு ஒத்திசைந்து நிகழ்கிறது. தவறாகக் கேட்டால் ஒருவர் கை வெந்துபோகும். இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறையும் நம் வகுப்பறையைவிடக் கடுமையான மொழிப் பள்ளி அது. இதைச் சொல்வதால் அந்த வேலை இனிதாகிவிடாது. ஆனால் திறனற்ற வேலை என்னும் பொய் நீங்கும். அந்தப் பொய் நீங்கினால்தான் ஊதியம் குறித்த பேச்சு தொடங்கும்.

எனவே நம் வளாகங்களிலிருந்து வெளிநாடு செல்வோருக்குக் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, குளிர் உடை ஆகியவற்றைச் சொல்லித்தரும் மூத்தோர் மணிக்கூலியின் அளவையும் சொல்லித்தரவேண்டும். ஊதியச் சீட்டைக் கேள், வேலை செய்த மணிகளை அன்றன்றே குறித்துவை, புகார் செய்ய 'ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேன்' என்னும் அரசு அலுவலகம் உண்டு என்ற மூன்று தொடர்களைத் தாய்மொழியில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். திரும்பி வந்தவர்கள் தம் பணிவிவரக் குறிப்பில் அந்த எட்டு மாதங்களை 'இடைவெளி' என்று விடாமல், செய்த வேலையின் பெயரால் எழுதவேண்டும். அதைப் படிக்கும் பேராசிரியர்கள் புருவம் உயர்த்தாதிருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது ஆஸ்திரேலியாவைப் பற்றியதன்று. நான் இருக்கும் ஹைதராபாத்திலும், நீங்கள் இருக்கும் எந்த நகரத்திலும், விடுதி உணவுக்கூடத்தில் நாம் வைத்துவிட்டு எழும் தட்டுகளை ஒருவர் எடுத்துக் கழுவுகிறார். பெரும்பாலும் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் மணிக்கு என்ன பெறுகிறார், ஊதியச் சீட்டு பெறுகிறாரா, விடுப்பு உண்டா என்பவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மெல்போர்னில் தனக்குக் குறைந்த ஊதியம் கிடைத்தது என்று நியாயமாகக் கொதிக்கும் நண்பர், இங்கே ஐந்து ஆண்டுகள் உண்ட தட்டைக் கழுவியவரின் பெயரை அறியார். கடல் கடந்தவுடன் உழைப்பாகத் தெரிவது, கடலுக்கு இப்புறம் எச்சிலாகவே இருக்கிறது.

எஞ்சியது என்னும் பொருளில் இரு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒன்றை இலக்கணத்துக்கும் புகழுக்கும் கொடுத்தோம். மற்றொன்றைச் சிலர் கைகளில் திணித்தோம். இந்தப் பங்கீட்டைச் செய்தது மொழி அன்று, நாம். ஆகவே அதைத் திருத்துவதும் நம் பொறுப்பு. அதற்கான முதல் படி, "பாத்திரம் கழுவுகிறேன், மணிக்கு இவ்வளவு வாங்குகிறேன்" என்னும் ஒரு தொடரைத் தொலைபேசியில் அம்மாவிடம் தாய்மொழியில் சொல்வது. அடுத்த படி, விடுதியில் தட்டை வைக்கும்போது எதிரே நிற்பவரிடம் "உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்பது.