பிடித்த கையை விடும் நேரம்

நாற்பத்து நான்கு வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பலரும் சிரிக்கிறார்கள். முதல் மூன்று நாள் நானும் சிரித்தேன். நான்காம் நாள் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. அதோடு சிரிப்பு நின்று, பாடம் தொடங்கியது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் மகள். எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக அவள் காத்திருந்த மாதங்கள் அவை. பேச்சுவாக்கில், "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது" என்றேன். அவள் நம்பவில்லை. "தோட்டத்துல பிறந்தவங்களுக்கு சைக்கிள் தெரியாதாம்மா?" என்று கேட்டாள்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். விடியும் முன்பே அப்பா பால் வெட்டக் கிளம்பிவிடுவார். பால் வாளிகளைச் சுமந்து களைத்த அவருடைய சைக்கிள், மதியத்தில் லயத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கும். அண்ணன்கள் கம்பிக்கு அடியில் ஒரு காலை விட்டு ஓட்டிப் பழகினார்கள். நானும் ஆசையோடு போய் நின்றேன். "பொம்பளப் புள்ள விழுந்து கைகாலை ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு பார்ப்பா?" என்றார் பாட்டி. அந்த ஒரு கேள்வியில் என் ஆசை முடிந்தது. பிறகு தோட்டத்தை விட்டு சிலிபினுக்குக் குடிவந்தோம். அப்பாவின் சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது. பயம் மட்டும் என்னுடனேயே வந்தது.

வீட்டுக்கு அருகில் உள்ள திடலில், வெயில் தாழ்ந்த பிறகு பயிற்சி நடக்கும். மகள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். அவள் சொன்ன முதல் பாடம்: "கீழே பார்க்காதீங்கம்மா, தூரமா பாருங்க." சக்கரத்தைப் பார்த்தபோதெல்லாம் தடுமாறினேன். திடலின் மறுகோடி மரத்தைப் பார்த்தபோது வண்டி நேராகப் போனது.

இரண்டாவது பாடம் கடினமானது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் நான் பதறி வலப்பக்கம் திருப்புவேன், உடனே விழுவேன். "எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே திருப்புங்க" என்றாள். விழப்போகும் பக்கமே போ என்றால் மனம் கேட்குமா? ஆனால் உண்மை அதுதான். இடப்பக்கம் சாயும்போது இடப்பக்கமே லேசாகத் திருப்பினால், சக்கரங்கள் மீண்டும் நம் எடைக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்கின்றன. நிமிர்ந்து ஓடும் சைக்கிள், உண்மையில் விழுவதும் திருத்திக்கொள்வதுமாகத்தான் ஓடுகிறது. ஓட்டம் குறையக் குறைய ஆட்டம் கூடுகிறது.

ஒரு மாலை, பேசிக்கொண்டே ஓட்டினேன். பதில் வரவில்லை. அவள் எப்போதோ கையை எடுத்திருக்கிறாள்! அது தெரிந்த கணமே விழுந்தேன். "விட்டுட்டேன்னு ஏன் சொல்லல?" என்று கோபித்தேன். "சொல்லியிருந்தா நீங்க ஏறியிருக்கவே மாட்டீங்க" என்றாள்.

தேர்வு முடிவு வந்தது, நல்ல தேர்ச்சி. சில வாரங்களில் மெட்ரிகுலேஷன் இடமும் கிடைத்தது. ஈப்போவுக்கு அருகில் கோப்பேங்கில் கல்லூரி இருக்கிறது. அங்கே கிடைக்கும் என்றுதான் நேர்ந்துகொண்டேன். கிடைத்ததோ லாபுவான். தென்சீனக் கடலைத் தாண்டி ஒரு தீவு.

"வேண்டாம். இங்கேயே ஆறாம் படிவம் படி. அங்க உனக்கு ஒண்ணுன்னா யாரு பார்ப்பா?" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "யாரு பார்ப்பா?" என்ற சொல் காதிலேயே நின்றது. அது என் சொல் அல்ல, பாட்டியின் சொல். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எனக்கு வலித்த அதே கேள்வியை, என் மகளிடம் நானே கேட்டிருக்கிறேன்.

பாட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்று ஊரெல்லாம் அதே பேச்சுதான். அந்தப் பேச்சை ஒரு மாவட்டமே உடைத்துக் காட்டியதும் உண்டு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதில் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் கேலிப் பேச்சையும் தாங்கிக்கொண்டு ஓட்டினார்கள். கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்களுடையதிலேயே ஏறினார்கள்; முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அதன்பின் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பேருந்துக்கோ அப்பாவுக்கோ கணவருக்கோ காத்திருக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

பெற்றோரின் பயம் பொய்யல்ல. விமானக் கட்டணம், சாப்பாடு, பாதுகாப்பு எல்லாமே உண்மையான கவலைகள். ஆறாம் படிவமும் நல்ல வழிதான். அதை விரும்பித் தேர்ந்தெடுக்கும் பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் "தூரம்" என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லும்முன், நம்மை நாமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளையால் முடியாது என்கிறோமா, அல்லது நம்மால் முடியவில்லை என்கிறோமா?

ஆன்மிகமும் இதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் ஆலயம் வரை பால்குடம் ஏந்தி நடப்பவர்களைப் பாருங்கள். உறவினர் கூடவே நடப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், வழி விலக்குவார்கள். ஆனால் குடத்தை அவர்கள் சுமப்பதில்லை. நேர்ந்துகொண்டவர்தான் சுமக்க வேண்டும். பக்தி என்பது விழாமல் காப்பாற்று என்று கேட்பது மட்டுமல்ல. கூட ஒருவன் வருகிறான் என்ற நம்பிக்கையில் அடுத்த அடியை எடுத்து வைப்பதும்தான்.

மறுநாள் காலை கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "போயிட்டு வா" என்றேன்.

போன முதல் வாரமே அழுதுகொண்டு கூப்பிட்டாள். "திரும்பி வந்துடு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதுதான் நான் பதறி எதிர்ப்பக்கம் திருப்பும் பழைய பழக்கம். அடக்கிக்கொண்டு, "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டேன். இயற்பியல் என்றாள். விரிவுரையாளரிடம் போய்க் கேட்கச் சொன்னேன். பயந்த பக்கமே போனாள். அடுத்த வாரம் குரலில் அழுகை இல்லை. புதிதாகக் கிடைத்த தோழிகளின் பெயர்கள்தான் இருந்தன.

மாணவர்களே, நீங்கள் விழுவீர்கள். பயப்படும் பாடத்தை விட்டு ஓடாதீர்கள், அதன் பக்கமே திரும்புங்கள். பெற்றோர்களே, பின்னால் ஓடுங்கள், மூச்சு வாங்க ஓடுங்கள். ஆனால் பிடித்த கையை எப்போது எடுப்பது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளுக்கு வயது பதினெட்டு.

இப்போதும் மாலையில் அதே திடலைச் சுற்றி ஓட்டுகிறேன். பின்னால் யாரும் ஓடி வருவதில்லை. வண்டி சாயும்போது சாயும் பக்கமே லேசாகத் திருப்புகிறேன்.